டிரான்ஸ்பார்மருக்கும் காய்ச்சல் வரும்! நாடி பார்க்க ஆள் எங்கே?

2024 நவம்பர் 30 ஆம் தேதி இரவு பெஞ்சல் புயல் புதுச்சேரிக்குப் பக்கத்தில் கரையேறியது. மறுநாள் காலை 8.30 மணியோடு முடிந்த ஒரே நாளில் 48 சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டியது. ரெயின்போ நகர், கிருஷ்ணா நகர் போன்ற தாழ்வான பகுதிகளில் வீட்டுக்குள் வெள்ளம் புகுந்தது. மின்சாரத்தை நிறுத்தினார்கள். நிறுத்தியது சரியே. தண்ணீரில் மின்சாரம் இறங்கினால் பிணம் விழும்.

ஆனால் வெள்ளம் வடிந்து மின்சாரத்தைத் திரும்பவும் விடும்போது கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. தெருமுனையில் இரும்பு வேலிக்குள் நிற்கும் டிரான்ஸ்பார்மர், அதற்குப் பூமிக்கடியில் வரும் கேபிள், அந்தக் கேபிளைத் தெருத்தெருவாகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி, இவை எவ்வளவு தண்ணீர் குடித்தன என்று பார்த்தவர் யார்? பார்த்ததை எழுதிய ஏடு எங்கே? அந்த ஏட்டை வரி கட்டும் ஜனங்கள் பார்க்க முடியுமா?

இது ஏதோ இஞ்சினீயர்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டிய விவகாரம் என்று சிலர் கூறுவார்கள். நாம் அப்படிக் கருதவில்லை. டிரான்ஸ்பார்மர் வெடித்தால் அதன் பக்கத்தில் நிற்பவர் யார்? நடைபாதையில் கடை போட்டிருப்பவர், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் கூலிக்காரர், விடியுமுன் தெருப் பெருக்க வந்த பெண், ஏணி மேல் ஏறிய வயர்மேன். ஆகவே இது பாட்டாளி மக்களின் உயிர்ப் பிரச்னை.

சத்தமில்லாமல் தேயும் யந்திரம்

டிரான்ஸ்பார்மர் என்றால் என்ன? 11 ஆயிரம் வோல்ட்டிலோ 22 ஆயிரம் வோல்ட்டிலோ வரும் மின்சாரத்தை, வீட்டு விளக்குக்கும் வயல் பம்ப்செட்டுக்கும் தகுந்தபடி குறைத்துக் கொடுக்கும் யந்திரம். தறியைப்போல் இதில் ஓடுகிற உறுப்பு கிடையாது. இரும்புத் தகடுகளை அடுக்கிய நடுத்தண்டு, அதன்மேல் காகிதம் சுற்றிய செம்புச் சுருள் அல்லது அலுமினியச் சுருள், இவை மூழ்கிக் கிடக்கும் எண்ணெய்; அவ்வளவுதான். எண்ணெய்க்கு இரண்டு வேலை. சுருளின் சூட்டை வெளியே கொண்டுவர வேண்டும். மின்சாரம் இடம் மாறித் தாவாமல் தடுக்க வேண்டும்.

ஓடும் உறுப்பு இல்லையே, எதற்குத் தேயப்போகிறது என்று கேட்கலாம். தேய்வது காகிதம். நிர்ணயித்த அளவுக்கு மேல் லோடு ஏற்றினால் சுருள் சூடாகும். அந்தச் சூடு 6 டிகிரி கூடினால், காகிதம் நைந்துபோகும் வேகம் ஏறக்குறைய இரட்டிப்பாகிறது என்பது இத்துறையில் ஏற்றுக்கொள்ளப்பட்ட கணக்கு. இருபத்தைந்து வருஷம் உழைக்க வேண்டிய யந்திரத்தைச் சில வருஷங்களில் சாகடிக்க வேறொன்றும் வேண்டாம். லோடைக் கூட்டிவிட்டுப் பார்க்காமல் இருந்தால் போதும்.

ஆலையில் ஸ்பின்னிங் பகுதியில் வேலை பார்த்த தோழர்களுக்கு இது புதிய விஷயம் அல்ல. பேரிங் எரிவதற்கு முன்னால் சூடாகும், பிறகு முனகும், பிறகு நாற்றம் வரும். அனுபவமுள்ள ஆயில்காரர் கையை வைத்தே சொல்லிவிடுவார். முதலாளி அந்த ஆயில்காரரைக் கணக்குத் தீர்த்து அனுப்பியபிறகுதான் யந்திரம் ‘திடீரென்று’ எரியும்!

சாவதற்கு முன் அது பேசுகிறது

டிரான்ஸ்பார்மரும் பெரும்பாலும் முன்கூட்டியே சொல்லுகிறது. கேட்பதற்குத்தான் ஆள் வேண்டும்.

எண்ணெய் மட்டம் இறங்குகிறது என்றால் எங்கோ கசிகிறது. அது மூச்சு விடும் குழாயில் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் என்ற மணிகள் இருக்கும். நீலமாக இருந்த மணி ரோஜா நிறமாக மாறினால், இனி ஈரத்தைத் தடுக்க அதற்குச் சக்தியில்லை என்று பொருள். ஈரம் எண்ணெயில் கலந்தால் மின்சாரத்தைத் தடுக்கும் பலம் குறையும். அந்த எண்ணெயை ஒரு சிறு பாத்திரத்தில் எடுத்து, இரண்டு உலோக முனைகளுக்கு நடுவே வைத்து வோல்ட்டை ஏற்றினால், எந்த இடத்தில் எண்ணெய் தோற்கிறது என்று சில நிமிஷங்களில் தெரிந்துவிடும்.

இன்னும் நுட்பமான சோதனையும் உண்டு. உள்ளே கோளாறு தொடங்கினால் எண்ணெய் சிதைந்து வாயுக்கள் பிறக்கும். எத்திலீன் அதிகமானால் கடும் சூடு. கார்பன் மோனாக்சைடு அதிகமானால் காகிதம் கருகுகிறது. வெல்டிங் பட்டறையில் எரிக்கிறார்களே அசிட்டிலின், அது எண்ணெயில் தென்பட்டால் உள்ளே நெருப்புப்பொறி தாவிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். வைத்தியர் இரத்தப் பரிசோதனை பார்த்து நோய் சொல்லுவதைப்போல, எண்ணெய்ப் பரிசோதனை பார்த்து டிரான்ஸ்பார்மரின் நோயைச் சொல்லலாம். இந்த வாயுவைப் பிடித்து மணியடிக்கும் கருவியை 1921 இலேயே ஜெர்மனியில் மாக்ஸ் புகோல்ஸ் என்பவர் கண்டுபிடித்துவிட்டார். நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது! சப்ஸ்டேஷனில் இருக்கும் பெரிய டிரான்ஸ்பார்மர்களுக்கு அது உண்டு. தெருமுனையில் நிற்கும் சிறியவற்றுக்குப் பெரும்பாலும் கிடையாது. அவற்றுக்கு மனிதக் கண்ணும், மனிதக் காதும், ஒழுங்காக எழுதப்பட்ட ஏடும்தான் காவல்.

எனவே “எதிர்பாராத விபத்து” என்று அதிகாரிகள் அறிக்கை விடும்போது, நாம் முதலில் கேட்க வேண்டியது: கடைசியாகச் சோதித்த தேதி என்ன?

59 உயிர்கள் சொன்ன பாடம்

டெல்லி கிரீன் பார்க்கில் உப்ஹார் என்ற சினிமாக் கொட்டகை இருந்தது. அதன் தரைத்தளத்தில், கார் நிறுத்தும் இடத்தை ஒட்டிய அறையில், டெல்லி மின்வாரியத்தின் டிரான்ஸ்பார்மர் இருந்தது. 1989 ஜூலையிலேயே அங்கே ஒரு தடவை தீப்பிடித்தது. அது முதல் எச்சரிக்கை.

1997 ஜூன் 13 ஆம் தேதி காலையில் மீண்டும் தீ. அது இரண்டாவது எச்சரிக்கை. எரிந்துபோன கேபிள் முனையை ஊழியர்கள் மாற்றினார்கள். அந்த முனையை அழுத்திப் பிடிக்கச் செய்யும் யந்திரத்தை உபயோகிக்காமல், அச்சையும் சுத்தியலையும் வைத்து அடித்து மாட்டியதாக வழக்கில் வெளிவந்தது. பகல் 11.30 மணிவாக்கில் மின்சாரம் விடப்பட்டது. தளர்ந்திருந்த கேபிள் மாலை 5 மணிக்குச் சற்று முன் கழன்று விழுந்து பொறி பறந்தது. எண்ணெய் கொட்டித் தீப்பற்றியது. நெருப்பு கார்களுக்குத் தாவியது. புகை மாடிப்படி வழியே ஏறி, படம் பார்த்துக்கொண்டிருந்த ஜனங்களைச் சூழ்ந்தது. 59 பேர் மாண்டனர். நூறு பேருக்கு மேல் காயமடைந்தனர்.

பிறகு நியாயம் எப்படி நடந்தது? பழுது பார்த்த ஊழியர்கள் குற்றவாளிக் கூண்டில் ஏறித் தண்டனை பெற்றார்கள். கொட்டகை முதலாளிகளான இரண்டு சகோதரர்களுக்கு, ஏற்கெனவே இருந்த சிறைவாசம் போதும், ஆளுக்கு 30 கோடி ரூபாய் கட்டினால் சரி என்று 2015 இல் சுப்ரீம் கோர்ட் கூறியது. ஜனங்கள் விடாமல் போராடிய பிறகு 2017 இல் ஒருவருக்கு மட்டும் ஓராண்டுச் சிறை மிஞ்சியது.

ஊழியர் கவனக்குறைவாக இருக்கலாம் என்று நாம் வாதாடவில்லை. தொழிலாளியின் வேலை சுத்தமாக இருக்க வேண்டும் என்று முதலில் சொல்ல வேண்டியவர்கள் நாமே. ஆனால் சரியான கருவியில்லாமல் வேலை முடிகிறதென்றால், செய்த வேலையைச் சோதிக்காமல் மின்சாரம் விடப்படுகிறதென்றால், எட்டு வருஷத்துக்கு முன் நடந்த தீயிலிருந்து ஒன்றுமே கற்காமல் இருந்தார்களென்றால், அந்தக் குற்றம் ஸ்பானர் பிடித்த கையோடு நிற்குமா?

பெங்களூருவில் 2022 மார்ச்சில் நடந்ததையும் பாருங்கள். சாலையோர டிரான்ஸ்பார்மர் வெடித்து, ஸ்கூட்டரில் போய்க்கொண்டிருந்த தகப்பனும் மகளும் கொதிக்கும் எண்ணெய் பட்டு இறந்தார்கள். கோளாறு இருப்பதை முன்பே தெரிவித்தோம் என்று அந்தப் பகுதி ஜனங்கள் கூறினார்கள். அதாவது, டிரான்ஸ்பார்மரும் பேசியது, ஜனங்களும் பேசினார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை.

பூமிக்கடியில் போனால் கவலை தீர்ந்ததா?

இப்போது புதிய பேச்சு ஒன்று நடக்கிறது. கம்பத்தையும் கம்பியையும் எடுத்துவிட்டு எல்லாவற்றையும் மண்ணுக்குள் புதைத்துவிட்டால் தொல்லையில்லை என்கிறார்கள். அதே பெங்களூருவில் மல்லேஸ்வரத்தில் 2023 செப்டம்பரில் 500 கிலோவோல்ட் ஆம்பியர் சக்தியுள்ள டிரான்ஸ்பார்மரைப் பூமிக்கடியில் அறை கட்டி இறக்கினார்கள். செலவு ஏறத்தாழ 2 கோடி ரூபாய். புதுச்சேரியிலும் நகரின் நடுப்பகுதியில் பல தெருக்களில் கேபிள் தரைக்கடியில்தான் போகிறது.

நாம் இதை எதிர்க்கவில்லை. 2011 டிசம்பர் 30 ஆம் தேதி தானே புயல் அடித்தபோது கம்பங்கள் வரிசை வரிசையாகச் சாய்ந்ததையும், வாரக்கணக்கில் கிராமங்கள் இருட்டில் கிடந்ததையும் புதுச்சேரியும் கடலூரும் மறக்கவில்லை. கடற்கரை ஊருக்குத் தரையடிக் கேபிள் நல்லதே.

ஆனால் ஒரு உண்மையைக் கவனிக்க வேண்டும். மேலே இருக்கும் டிரான்ஸ்பார்மருக்குத் தெருவே காவல். எண்ணெய் சொட்டினால் டீக்கடைக்காரர் பார்க்கிறார். உறுமினால் எதிர்வீட்டுப் பாட்டிக்குக் கேட்கிறது. கீழே இறக்கிவிட்டால் கசிவு கண்ணுக்குத் தெரியாது, சத்தம் காதுக்குக் கேட்காது. காற்றோட்டம் குறைவதால் சூடு வெளியேறாது. மழைத்தண்ணீர் தானாக இறங்கும். உப்புக்காற்று இரும்பைத் தின்னும். ஆகவே புதைக்கப்பட்டதற்குக் கண்காணிப்பு இரட்டிப்பாக வேண்டும். நமது சர்க்கார்களோ, புதைத்ததை மறந்துவிடும் வழக்கமுள்ளவை.

இது வீண் பழியா? ரெட்டியார்பாளையம் புதுநகரை நினைத்துப் பாருங்கள். 2024 ஜூன் 11 ஆம் தேதி பாதாளச் சாக்கடையின் விஷவாயு வீட்டுக் கழிப்பறை வழியாக ஏறி மூன்று பேரைக் கொன்றது. ஒருத்தி பள்ளிச் சிறுமி. அது சாக்கடை, இது மின்சாரம். ஆனால் பாடம் ஒன்றுதான். சென்னை கண்ணகி நகரில் 2025 ஆகஸ்டில், விடியுமுன் வேலைக்கு வந்த தூய்மைத் தொழிலாளியான ஒரு தாய், தேங்கிய மழைநீரில் கால் வைத்தார். தரையடிக் கேபிளிலிருந்து கசிந்த மின்சாரம் அவர் உயிரைக் குடித்தது. பூமிக்கடியில் இருப்பதைப் பார்க்க ஆளில்லாவிட்டால் பூமிக்கு மேல் இருக்கிறவர் சாகிறார்.

தனியார் கம்பெனி காப்பாற்றுமா?

“தனியார் வந்தால் நவீனக் கருவிகள் வரும், பராமரிப்பு ஒழுங்காகும்” என்று உபதேசம் செய்கிறார்கள். நியூசிலாந்து நாட்டின் ஆக்லாந்து நகரத்தைப் பார்ப்போம். அது பணக்கார நாடு. அங்கே இருந்த பொது மின்வாரியத்தைக் கலைத்து 1993 இல் மெர்குரி எனர்ஜி என்ற கம்பெனியாக்கினார்கள். நகரின் வியாபார மையத்துக்கு நான்கு தரையடிக் கேபிள்கள் மின்சாரம் கொண்டுபோயின. அவற்றில் பழையவை வயதானவை என்பது ரகசியமல்ல. 1998 ஜனவரியில் முதல் கேபிள் போயிற்று. அடுத்தது போயிற்று. பிப்ரவரி 20 ஆம் தேதி நான்காவதும் போய்விட்டது. நகர மையம் ஐந்து வாரம் ஒழுங்கான மின்சாரமில்லாமல் திண்டாடியது. கம்பெனி என்ற பெயர்ப் பலகையைக் கண்டு கேபிள் சூடாகாமல் இருந்துவிடவில்லை!

நம் ஊர்க் கதை என்ன? யூனியன் பிரதேசங்களின் மின்விநியோகத்தைத் தனியாருக்குக் கொடுப்போம் என்று 2020 மே மாதத்தில் மத்திய நிதியமைச்சர் அறிவித்தார். தாத்ரா நாகர் ஹவேலி, டாமன், டையூ 2022 ஏப்ரலில் டாரென்ட் கம்பெனிக்குப் போயிற்று. சண்டிகர் 2025 பிப்ரவரியில் கோயங்கா குழுமத்துக்குப் போயிற்று. புதுச்சேரியில் அன்றிருந்த என்.ஆர். காங்கிரஸ் - பா.ஜ.க. சர்க்கார் 2022 செப்டம்பர் 27 ஆம் தேதி டெண்டர் விட்டது. மறுநாளே மின்சார இலாகாத் தொழிலாளர்களும் பொறியாளர்களும் காலவரையற்ற வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். மத்தியப் படை வந்தது, மிரட்டல் வந்தது. அவர்கள் கலையவில்லை. அக்டோபர் முதல் வாரத்தில் முதலமைச்சர் ரங்கசாமி பேச்சு நடத்தியபிறகே போராட்டம் நிறுத்திவைக்கப்பட்டது.

விற்கப்போகும் மாட்டுக்கு எவனாவது வைத்தியம் பார்ப்பானா? விற்பனைப் பேச்சு எழுந்த நாளிலிருந்து அந்த மனப்பான்மைதான் இலாகாவின் மேல் ஏறி உட்கார்ந்தது. ஓய்வு பெற்றவர் இடம் நிரப்பப்படவில்லை, இரண்டு பேர் வேலையை ஒருவர் செய்கிறார் என்று தொழிற்சங்கங்கள் ஓயாமல் கூறிவந்திருக்கின்றன.

பணமில்லை என்பார்கள். பணமா இல்லை? 2021 இல் மத்திய சர்க்கார் அறிவித்த மின்விநியோகச் சீரமைப்புத் திட்டத்தின் மதிப்பு 3 லட்சத்து 3 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். அதன் தலையாய நோக்கம் 25 கோடி வீடுகளிலும் கடைகளிலும் முன்பணம் கட்டும் ஸ்மார்ட் மீட்டர் மாட்டுவது. டிரான்ஸ்பார்மருக்கும் மீட்டர் வைக்கச் சொல்கிறது, எதற்கு? எத்தனை யூனிட் போயிற்று, எவ்வளவு வசூலாயிற்று என்று கணக்குப் பார்ப்பதற்கு. அதே மீட்டர் லோடு மீறுவதையும் காட்டும். ஆனால் அதைக் கவனித்துப் பாரத்தை இறக்க ஆளில்லையென்றால் என்ன பயன்? குடிசையில் எரியும் ஒரு விளக்கின் கணக்கு துல்லியமாக வேண்டும்; அந்தக் குடிசைக்கு எதிரே நிற்கும் டிரான்ஸ்பார்மரின் காய்ச்சல் கணக்கு வேண்டாமா?

சட்டமும் இங்கே தளர்ந்திருக்கிறது. மின்நிறுவல்களை ஐந்தாண்டுக்குள் ஒரு தடவையாவது சோதிக்க வேண்டும் என்பது மத்திய மின்சார ஆணையத்தின் பாதுகாப்பு விதி. ஐந்தாண்டு என்பதே அதிகம். அதிலும் குறிப்பிட்ட வோல்ட் வரை சொந்தக்காரரே சோதித்துத் தானே சான்று எழுதிக்கொள்ளலாம். பரீட்சை எழுதியவனே மார்க் போடுகிற ஏற்பாடு!

கருவி வேண்டும், ஆளும் வேண்டும்

யந்திரத்தைக் கண்டு பயப்படுகிறவர்கள் நாமல்ல. டிரான்ஸ்பார்மரின் சூட்டையும் எண்ணெய் மட்டத்தையும் லோடையும் இரவுபகலாகப் பார்த்துத் தானே செய்தி அனுப்பும் கருவிகள் இன்று உண்டு. சூட்டைப் படமாகக் காட்டும் கேமரா உண்டு. தரையடி அறைகளுக்கும் மூடிய பெட்டிகளுக்கும் இவற்றைத் தாராளமாக மாட்டட்டும். ஆனால் நள்ளிரவு 2 மணிக்குக் கருவி மணியடித்தால், வண்டியேறிப் போய் லோடைக் குறைக்கிறவர் மனிதன். அவருக்குக் கையுறை வேண்டும், எர்த் தடி வேண்டும், துணைக்கு ஒருவர் வேண்டும், நிரந்தர வேலையும் முழுச் சம்பளமும் வேண்டும். ஒப்பந்தக் கூலிக்கு அமர்த்தப்பட்டு, நாளை வேலை உண்டா என்று தெரியாதவர், மேலதிகாரியிடம் “இது ஆபத்து, மின்சாரம் விடாதீர்கள்” என்று எப்படி வாதாடுவார்?

பாகூர், வில்லியனூர், மண்ணாடிப்பட்டு கொம்யூன்களின் விவசாயத் தொழிலாளர்களுக்கும் ஒரு வார்த்தை. வயல்காட்டு டிரான்ஸ்பார்மரில் பியூஸ் போனால், இலாகா ஆள் வரத் தாமதமாகிறது, பயிர் வாடுகிறது, ஆண்டை அவசரப்படுத்துகிறார் என்று நீங்களே கம்பி கட்ட ஏறாதீர்கள். பியூஸ் போட்டுக் கூலி கூடப் போவதில்லை. உயிர் போனால் குடும்பம் தெருவில் நிற்கும். எண்ணெய் சொட்டுதல், உறுமல், கருகிய நாற்றம், பொறி, எர்த் கம்பி அறுந்திருத்தல், வேலி மேல் கொடி படர்ந்திருத்தல், இவற்றில் எதைக் கண்டாலும் எட்ட நின்று எழுத்தில் புகார் கொடுங்கள். புகார் எண்ணும் தேதியும் வாங்கிச் சங்கத்தில் பதியுங்கள். அந்தத் தேதிதான் நாளைக்கு “எதிர்பாராத விபத்து” என்ற பொய்யை உடைக்கும்.

நமது கோரிக்கைகள்

1. ஒவ்வொரு டிரான்ஸ்பார்மருக்கும் தரையடிக் கேபிள் பெட்டிக்கும் எண்ணும், சக்தியும், கடைசியாகச் சோதித்த தேதியும் தமிழில் பெரிய எழுத்தில் எழுதப்பட வேண்டும்.

2. வருஷந்தோறும் செப்டம்பருக்குள், வடகிழக்குப் பருவமழைக்கு முன், எண்ணெய், எர்த், லோடு, காப்பு ஆகிய நான்கும் சோதிக்கப்பட வேண்டும். தாழ்வான தெருக்கள் முதலில். 2024 வெள்ளம் தொட்ட இடங்களில் மேடை உயர்த்தப்பட வேண்டும்.

3. சோதனை முடிவு வார்டுவாரியாகவும் கொம்யூன்வாரியாகவும் ஒட்டப்பட வேண்டும். தொழிற்சங்கமும் ஜனங்களும் சேர்ந்த குழு அதைச் சரிபார்க்க வேண்டும்.

4. காலியிடங்கள் நிரந்தர ஊழியர்களால் நிரப்பப்பட வேண்டும். ஒப்பந்தத் தொழிலாளர் நிரந்தரமாக்கப்பட வேண்டும். சரியான கருவியில்லாமல் வேலை செய்ய மறுப்பது தொழிலாளியின் உரிமை என்று எழுத்தில் ஒப்புக்கொள்ளப்பட வேண்டும்.

5. மின்விநியோகம் பொதுத்துறையிலேயே நீடிக்கும் என்று சட்டமன்றத்தில் தீர்மானமாக நிறைவேற்றப்பட வேண்டும்.

இவை பெரிய செலவல்ல. ஒரு டிரான்ஸ்பார்மர் எரிந்தால் ஆகும் நஷ்டத்தோடு ஒப்பிட்டால் எண்ணெய்ச் சோதனை காசு தூசு. ஆனால் ஆள்வோர் தாமாகச் செய்வார்கள் என்று நாம் எதிர்பார்க்கவில்லை. 1936 ஜூலை 30 ஆம் தேதி சவானா ஆலையில் 12 தொழிலாளர்கள் துப்பாக்கிக் குண்டுக்கு மார்பு காட்டிய ஊர் இது. எட்டு மணி நேர வேலையும் அன்று ஆலை முதலாளிகளுக்கு வீண்செலவாகத்தான் தோன்றியது. தொழிலாளி ஒன்றுபட்ட பிறகு அதுவே சட்டமாயிற்று.

மின்சார இலாகாத் தோழர்கள் 2022 இல் போராடியது தங்கள் சம்பளத்துக்காக மட்டுமல்ல. நம் தெருவின் பத்திரத்துக்காகவும்தான். இந்தக் கோரிக்கைகளை அவர்களோடு சேர்ந்து ஒவ்வொரு பேட்டையிலும் ஒவ்வொரு கிராமத்திலும் கொண்டுசெல்வோம். அடுத்த மழைக்கு முன், உங்கள் தெரு டிரான்ஸ்பார்மரை எப்போது சோதித்தார்கள் என்று இலாகாவுக்குப் பத்துப் பேர் கையெழுத்திட்டு எழுதிக் கேளுங்கள். பதில் வரும்வரை விடாதீர்கள்!